கிருபை முதலில்: கிறிஸ்தவ விசுவாசத்துக்குள் புதிதாக வருபவருக்கு ஒரு வழிகாட்டி

பிலிப்பி நகரத்துச் சிறைக்காவலன் நள்ளிரவில் நடுங்கிக்கொண்டே, தன் காவலில் கைதிகளாக இருந்த அப்போஸ்தலன் பவுலிடமும் அவருடைய தோழர் சீலாவிடமும் கேட்டான்: "இரட்சிக்கப்படுவதற்கு நான் என்ன செய்யவேண்டும்?" புதிதாக வருகிற எவரும் கேட்பது இதைத்தான். அவனுக்குக் கிடைத்த பதில் ஒரே வரி: கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவை விசுவாசி. அதே இரவில் அவன் கைதிகளின் காயங்களைக் கழுவினான், வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்றான், அவர்களுக்குச் சாப்பாடு வைத்தான் (அப்போஸ்தலர் 16:30-34). காயம் கழுவியதற்காக அவனுக்கு இரட்சிப்புக் கிடைக்கவில்லை. இரட்சிப்பின் செய்தியைக் கேட்டதும் அவன் கைகள் காயம் கழுவப் போயின.

இந்த வரிசையை மனத்தில் ஆழமாகப் பதித்துக்கொள்ளுங்கள். முதலில் கிருபை, அதைப் பற்றிக்கொள்ளும் விசுவாசம் அடுத்து, அதன்பிறகு புது வாழ்க்கை. புதியவர்கள் சோர்ந்துபோவதற்கும் குற்ற உணர்வில் மூழ்குவதற்கும் பிறர் கையில் ஏமாறுவதற்கும் பெரும்பாலான நேரம் இந்த வரிசை தலைகீழாவதே காரணம். கீழே உள்ள ஒவ்வொரு படியிலும் அது எங்கே தலைகீழாகும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

தொடங்குமுன்: ஒரே பொருளுக்கு இரண்டு சொற்கள்

தமிழில் கிறிஸ்தவ நூல்களை வாசிக்கத் தொடங்குபவர் முதலில் தடுமாறுவது சொற்களில்தான். புராட்டஸ்டன்ட் சபைகளில் கிருபை என்பதைக் கத்தோலிக்கர் அருள் என்பார்கள். இரட்சிப்பு அங்கே மீட்பு. விசுவாசம் என்பது நம்பிக்கை. மனந்திரும்புதல் என்பது மனமாற்றம். ஞானஸ்நானம் என்பது திருமுழுக்கு. பரிசுத்த ஆவி என்பது தூய ஆவி. சங்கீதம் என்றாலும் திருப்பாடல் என்றாலும் அதே 150 பாடல்கள்தான். வேறு சொல்லைக் கேட்டதும் வேறு மதம் என்று நினைத்துவிட வேண்டாம். புத்தக எண்ணிக்கையும் மாறும்: புராட்டஸ்டன்ட் வேதாகமத்தில் 66, கத்தோலிக்க வேதாகமத்தில் 73. நான்கு நற்செய்தி நூல்களும் பவுலின் கடிதங்களும் இரண்டிலும் உண்டு. தொடங்குவதற்கு அவை போதும்.

இந்தச் சொற்களில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது கிருபை. தகுதியைப் பார்த்துக் கொடுப்பது கூலி. தகுதி இல்லை என்று தெரிந்தே, கொடுப்பவரின் அன்பினால் மட்டும் வருவது கிருபை. எபேசியர் 2:8 இதைச் சுருக்கிவிடுகிறது: "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு." அடுத்த இரண்டு வசனங்களையும் விடாமல் வாசியுங்கள். 9ஆம் வசனம் செயல்களைக் காட்டிப் பெருமை பேசுவதற்கு இடமில்லை என்கிறது; 10ஆம் வசனம் நற்செயல்களைச் செய்வதற்காகவே நாம் உருவாக்கப்பட்டோம் என்கிறது. நற்செயல் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அது நிற்கும் இடம் வேறு. காய்த்துக் காட்டினால்தான் தண்ணீர் ஊற்றுவேன் என்று யாரும் கன்றிடம் சொல்வதில்லை.

படி 1: எங்கிருந்து வாசிப்பது

ஆர்வத்தோடு ஆதியாகமத்தில் தொடங்கி, யாத்திராகமத்தின் பாதியில் கூடாரத்தின் அளவுகளில் திணறி, லேவியராகமத்தில் நிறுத்திவிடுபவர்கள் ஏராளம். அந்த நூல்களுக்கு உரிய காலம் பின்னால் வரும். மாற்கு நற்செய்தியில் தொடங்குங்கள். மொத்தம் 16 அதிகாரங்கள், நான்கு நற்செய்திகளில் இதுவே சிறியது. நாளுக்கு ஒன்றாக 16 நாளில் முடிந்துவிடும். ஒரு விடுமுறை நாளில் ஒரே அமர்வில்கூட வாசிக்கலாம்.

பிறகு லூக்காவில் மூன்று பகுதிகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றோடும் இரண்டு மூன்று நாள் தங்குங்கள். கிருபை எப்படி வேலை செய்கிறது என்பதை விளக்கவுரைகளைவிட இவை தெளிவாகக் காட்டும்.

ஒன்று, 15ஆம் அதிகாரத்து இளைய மகன். சொத்தை அழித்தபின் வீடு திரும்பும் வழிக்காக அவன் ஒரு பேச்சைத் தயாரிக்கிறான். அதன் கடைசி வரி, "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்" (19ஆம் வசனம்). தகப்பன் தூரத்திலேயே அவனைக் கண்டு ஓடிவந்து கட்டிக்கொள்கிறார். மகன் பேசத் தொடங்குகிறான். 21ஆம் வசனத்தைக் கூர்ந்து பாருங்கள்: கூலிக்காரன் என்ற அந்த வரியை அவன் சொல்லி முடிக்கவே இல்லை. அதற்குள் உயர்ந்த வஸ்திரமும் மோதிரமும் பாதரட்சையும் வரச் சொல்லியாயிற்று. உழைத்துக் கடனைத் தீர்க்கிறேன் என்ற ஏற்பாட்டுக்குத் தகப்பன் இடமே கொடுக்கவில்லை. அதே அதிகாரத்தின் முடிவில், இத்தனை வருஷம் உமக்கு ஊழியம் செய்தேனே என்று கணக்குக் காட்டி வெளியிலேயே நிற்கும் மூத்த மகனையும் கவனியுங்கள். பக்தியான குடும்பத்தில் வளர்ந்தவர்கள் தங்களை அடையாளம் காண்பது பெரும்பாலும் இவனிடத்தில்தான்.

இரண்டு, 18:9-14. வாரத்தில் இரண்டு நாள் நோன்பிருந்து, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு கொடுப்பவர் ஜெபிக்கிறார். தலையைக்கூட உயர்த்தாத வரி வசூலிப்பவரும் ஜெபிக்கிறார். நீதிமானாக்கப்பட்டு, அதாவது தேவனால் நீதிமான் என்று ஏற்கப்பட்டு, வீடு திரும்பியவர் இரண்டாமவர்.

மூன்று, 19ஆம் அதிகாரத்துச் சகேயு, வரி வசூலிப்பவர்களின் தலைவன். சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், ஏய்த்து வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பக் கொடுப்பதாகவும் அவன் சொல்வது 8ஆம் வசனத்தில். இயேசு அவன் வீட்டுக்கு வருவதாகச் சொன்னது 5ஆம் வசனத்தில். வசன எண்களே வரிசையைச் சொல்லிவிடுகின்றன.

இதற்குப் பிறகு எபேசியர் கடிதம், ஆறே அதிகாரங்கள். முதல் மூன்றும் தேவன் செய்ததைச் சொல்கின்றன. அவற்றில் வாசகருக்கு வருகிற கட்டளை ஒன்றே ஒன்று, 2ஆம் அதிகாரத்தில் வரும் "நினைத்துக்கொள்ளுங்கள்" என்பது. இப்படி நடங்கள், பொய்யைக் களையுங்கள், ஒருவரையொருவர் மன்னியுங்கள் என்பதெல்லாம் 4ஆம் அதிகாரத்திலிருந்துதான் வருகின்றன. அவசரக்காரர்கள் நேராகப் பிற்பாதிக்குப் போய், அதை விதிப்பட்டியலாக ஆக்கிக்கொண்டு மூச்சுத் திணறுகிறார்கள். ரோமர் கடிதம் இன்னும் ஆழமானது. அதை மூன்று மாதம் கழித்து, கூட ஒருவரை வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கத்தைத் திறந்து, விரல் பட்ட வசனமே இன்றைய செய்தி என்று எடுக்கும் பழக்கம் வேண்டாம். சூழலிலிருந்து பிய்த்தெடுத்த வசனம் தேவையற்ற பயத்தையோ பொய்யான உறுதியையோ தந்துவிடும்.

படி 2: பாவத்தைப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்வது

மனந்திரும்புதல் என்று மொழிபெயர்க்கப்பட்ட கிரேக்கச் சொல் மெட்டனோயா. மனம் மாறுதல் என்பது அதன் பொருள். அழுகை வரலாம், வராமலும் போகலாம். நடக்கிற திசை மாறுவதே அதன் அடையாளம்.

அரை மணி நேரம் தனியாக உட்காருங்கள். 51ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசியுங்கள், 19 வசனங்கள். பிறகு ஒரு தாளில் எழுதுங்கள். "நான் பாவி" என்ற பொது வாக்கியத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அப்படிச் சொல்வது சுலபம், எதுவும் மாறாது. எந்தப் பொய், யாருக்குச் செய்த அநியாயம், எந்தப் பகை, எந்தப் பேராசை என்று ஒவ்வொன்றையும் அதனதன் பெயரில் எழுதுங்கள். நினைவுக்கு வந்தவை போதும். பழைய நாட்களைத் தோண்டித் தோண்டிப் பட்டியலை நிறைவாக்கத் தேவையில்லை. எழுதியதை ஜெபத்தில் சொல்லுங்கள், பிறகு தாளை அழித்துவிடுங்கள். 1 யோவான் 1:9 தரும் வாக்குறுதி தெளிவானது: நாம் அறிக்கையிட்டால் அவர் மன்னிக்கவும் சுத்திகரிக்கவும் உண்மையுள்ளவர்.

எழுதும்போது மூன்று விஷயங்களில் கவனம் வேண்டும். உங்களுக்குப் பிறர் செய்த கொடுமையை உங்கள் பாவமாக எழுதாதீர்கள். சிறுவயதில் துன்புறுத்தப்பட்டவர்கள், வீட்டில் அடிவாங்கியவர்கள் இந்தத் தவறை அடிக்கடி செய்கிறார்கள். அது உங்கள் பாவமே இல்லை. மன்னிக்க வேண்டும் என்ற பெயரில் ஆபத்து இருக்கும் இடத்துக்குத் திரும்பிப் போகவும் தேவையில்லை. அடுத்தது, திருப்பிக் கொடுக்க முடிந்ததைத் திருப்பிக் கொடுப்பது: பணம், பொருள், கெடுத்த பெயர். இது மன்னிப்புக்கான விலை என்று எண்ணாமல், சகேயுவைப் போல மன்னிப்பின் பலனாகச் செய்யுங்கள். கடைசியாக, ஒரு கூட்டத்தின் முன் நின்று அந்தரங்கங்களைச் சொல்லும்படி யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தக்கூடாது. கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் சபைகளில் குருவிடம் பாவ அறிக்கை செய்யும் ஒழுங்கு உண்டு. கேட்டதைக் குரு வெளியே சொல்லக்கூடாது என்பது கண்டிப்பான விதி. மற்ற சபைகளில், நம்பகமான ஒரு மூத்த விசுவாசியிடம் மனம்விட்டுப் பேசலாம்.

குற்ற உணர்வு தன்னளவில் மனந்திரும்புதல் ஆகிவிடாது. இயேசுவை மறுதலித்த பேதுரு மனங்கசந்து அழுதான். காட்டிக்கொடுத்த யூதாசும் மனஸ்தாபப்பட்டான். ஒருவன் இயேசுவிடம் திரும்பி வந்தான், மற்றவன் தன் குற்றத்தோடு தனியே போனான். மன்னிப்புக் கேட்டபிறகும் அதே பாவத்தை நாள்தோறும் பலமுறை திரும்பத் திரும்ப அறிக்கையிட வேண்டும் என்று மனம் அரித்தால், தூக்கம் கெட்டால், வாழவே வேண்டாம் என்று தோன்றினால், அதை விசுவாசக் குறைவு என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் போங்கள். ஜெபமும் தொடரட்டும்.

படி 3: நம்புவது என்றால் என்ன

விசுவாசத்தில் மூன்று பகுதிகள் உண்டு என்று இறையியலாளர்கள் பிரித்துச் சொல்வது புதியவருக்கு மிகவும் உதவும். முதலாவது அறிதல்: இயேசு யார், அவர் சிலுவையில் மரித்ததும் மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்ததும் எதற்காக. இரண்டாவது ஒப்புதல்: அது உண்மை என்று ஏற்பது. மூன்றாவது சார்ந்திருத்தல்: என் பாரத்தை அவர்மேல் வைத்துவிடுவது. முதல் இரண்டோடு நிற்பது போதாது. பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்று யாக்கோபு 2:19 எழுதுகிறது. நீச்சல் பழகுபவருக்கு மூன்றாவது பகுதி எளிதில் புரியும். தண்ணீர் தாங்கும் என்று தெரியும், ஒப்புக்கொள்ளவும் செய்கிறார், ஆனாலும் கைகாலை உதறிக்கொண்டிருக்கும் வரை மூழ்குகிறார். உடம்பைத் தளரவிட்ட கணத்தில் தண்ணீர் தாங்குகிறது.

இதை ஜெபமாகச் சொல்லக் குறிப்பிட்ட மந்திர வாசகம் எதுவும் இல்லை. வரி வசூலிப்பவர் சொன்னது ஒரே வாக்கியம்: "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்." சிலுவையில் இயேசுவின் பக்கத்தில் தொங்கியவன், தன்னை நினைத்தருளும்படி மட்டுமே கேட்டான். ஞானஸ்நானம் பெறவோ ஒரு நற்செயல் செய்யவோ அவனுக்கு நேரம் இருக்கவில்லை. அன்றைக்கே பரதீசு அவனுக்கு வாக்களிக்கப்பட்டது. வார்த்தை வராதவர்கள் இப்படிச் சொல்லலாம்:

"ஆண்டவராகிய இயேசுவே, என் பாவங்களை ஒளிக்காமல் உம்மிடம் கொண்டுவருகிறேன். என்னால் என்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது. எனக்காக மரித்து உயிர்த்தெழுந்தவர் நீரே என்று நம்புகிறேன். என்னை மன்னியும், என்னை உம்முடையவனாக ஏற்றுக்கொள்ளும். உமது ஆவியால் என்னைப் புதிதாக்கும். ஆமென்."

இதைச் சொன்னபிறகு ஒன்றும் நடக்காததுபோல் இருக்கலாம். மிகப் பலருக்கு அப்படித்தான் இருக்கிறது. உணர்ச்சி எழவில்லையே என்று அதே ஜெபத்தைப் பத்துத் தடவை சொல்பவர், தன் உணர்வைத் தன் இரட்சகராக ஆக்கிக்கொள்கிறார். வரிசை இங்கேதான் ஓசையில்லாமல் புரண்டுவிடும். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி குருவாக அபிஷேகம் பெற்றது 1728இல். தன் இருதயம் அனல்கொண்டது என்று அவர் எழுதிய அனுபவம் நேர்ந்தது 1738 மே 24 அன்று, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்தில், ரோமர் கடிதத்துக்குச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசிக்கக் கேட்டபோது. இடையில் பத்து வருஷம். சிலருக்கு நாளும் நேரமும் சொல்ல முடியும்; சிலருக்கு விடியல் போல, எப்போது இருட்டு முடிந்தது என்று சொல்லத் தெரியாமலே வெளிச்சம் வந்திருக்கும். சந்தேகம் இருந்தால் தன் மகனின் சுகத்துக்காக இயேசுவிடம் வந்த மாற்கு 9:24இன் தகப்பனைப் போல, "விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று இரண்டையும் சேர்த்தே ஜெபியுங்கள். அந்த ஜெபத்துக்குப் பதில் கிடைத்தது.

படி 4: ஞானஸ்நானம்

பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் தண்ணீரால் கொடுப்பது (மத்தேயு 28:19) என்பதில் பெரும்பான்மைச் சபைகள் ஒன்றுபடுகின்றன. எந்த வயதில், எவ்வளவு தண்ணீரில் என்பதில் வேறுபடுகின்றன. கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், லூத்தரன், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகள் குழந்தைகளுக்கும் கொடுக்கின்றன. பாப்டிஸ்டுகளும் பெந்தெகொஸ்தே சபைகளும், விசுவாசத்தைத் தானே அறிக்கையிடும் வயதில், முழுகச் செய்து கொடுக்கின்றன. ஆதித் திருச்சபையின் கையேடான டிடாகே ஓடும் தண்ணீரை முதலில் சொல்லி, அது இல்லாவிட்டால் வேறு தண்ணீர், போதிய தண்ணீரே இல்லாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்றினால் போதும் என்கிறது.

குழந்தையாக இருந்தபோது ஞானஸ்நானம் பெற்றவர் என்றால், சேரப்போகும் சபை அதை ஏற்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள். ஏற்கும் சபைகள் மறுபடி கொடுக்கமாட்டா. ஆயத்த வகுப்புக்குச் சில வாரங்கள் முதல் பல மாதங்கள் வரை ஆகலாம்; கத்தோலிக்கத் திருச்சபையில் பெரியவர்களுக்குப் பொதுவாக ஈஸ்டர் திருவிழிப்பு இரவில் கொடுப்பார்கள். ஆதித் திருச்சபையின் பெரிய போதகரான அகஸ்டின் 386இல் மனம் திரும்பி, 387 ஈஸ்டரில் மிலான் நகரில் அதன் ஆயர் அம்புரோஸ் கையால் ஞானஸ்நானம் பெற்றார். காத்திருந்த மாதங்கள் வீணாகவில்லை. ஆனால் இவ்வளவு நல்லவனாகிவிட்டு வருகிறேன் என்று நீங்களே தள்ளிப்போட்டால், கூலிக்காரனாக வருகிறேன் என்ற பழைய பேச்சு திரும்பிவிட்டது என்று பொருள்.

திருவிருந்து, அதாவது நற்கருணை, யாருக்கு என்பதிலும் விதிகள் உண்டு. கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் ஆராதனையில் விருந்தினராகப் போனால் இருக்கையிலேயே இருந்துவிடுங்கள். மற்ற இடங்களில் ஆராதனைக்கு முன்பே போதகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 5: சபையைத் தேர்ந்தெடுப்பது

தனியாக இருந்து விசுவாசம் வளர்வது கடினம். ஒரு சபைக்குக் குறைந்தது நான்கு ஞாயிறுகள் போய்ப் பாருங்கள். பிரசங்கத்தில் கிறிஸ்து என்ன செய்தார் என்பது எவ்வளவு, நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பது எவ்வளவு என்று கவனியுங்கள். பின்னது மட்டுமே இருந்தால், நல்ல அறிவுரை கேட்கிறீர்கள். நற்செய்தி இன்னும் காதில் விழவில்லை. பணக்கணக்கு சபையாருக்குக் காட்டப்படுகிறதா, போதகரைக் கேள்வி கேட்க முடிகிறதா என்றும் பாருங்கள்.

சில அடையாளங்களைக் கண்டால் உடனே வெளியேறுங்கள்: ஆசீர்வாதத்துக்கோ சுகத்துக்கோ தொகை கேட்பது, மருந்தை நிறுத்தச் சொல்வது, குடும்பத்தாரோடு பேச்சை முறிக்கச் சொல்வது, எங்கள் கூட்டத்தை விட்டால் இரட்சிப்பே இல்லை என்று பயமுறுத்துவது. பரிசுத்த ஆவியின் வரத்தைப் பணம் கொடுத்து வாங்க வந்த சீமோனைப் பேதுரு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தான் என்பது அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இலவசமாக வந்ததற்கு விலை வைப்பவரிடம் பணிவு காட்டத் தேவையில்லை.

சபைகளுக்கிடையே இரட்சிப்பைப் பற்றிய விளக்கம் மாறுபடுவதைக் கண்டு கலங்க வேண்டாம். விசுவாசத்தினால் மட்டுமே நீதிமானாக்கப்படுகிறோம் என்பது சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபைகளின் அழுத்தம். அருள் மனிதரை உள்ளிருந்தே மாற்றுவதையும், அன்பினால் செயல்படும் நம்பிக்கையையும் கத்தோலிக்கர் வலியுறுத்துவார்கள். தேவனுடைய வாழ்வில் பங்குபெற்று அவரைப்போல் ஆகுதலை ஆர்த்தடாக்ஸ் சபைகள் பேசும். பெற்ற இரட்சிப்பை இழக்க முடியுமா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனாலும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டன. நம்முடைய தகுதியினால் அல்ல, கிருபையினால் மட்டுமே தேவன் நம்மை ஏற்கிறார் என்பதை இருவரும் சேர்ந்தே அறிக்கையிட்டார்கள்.

படி 6: நாள்தோறும் புதிதாவது

ஒரு நாளைக்கு இருபது நிமிஷம் போதும். ஒரு சங்கீதம் வாசிக்க மூன்று நிமிஷம், நற்செய்தியில் ஒரு பகுதிக்கு ஏழு, பேசாமல் உட்கார ஐந்து, ஜெபத்துக்கு ஐந்து. ஜெபிக்கத் தெரியாவிட்டால் மத்தேயு 6:9-13இல் உள்ள பரமண்டல ஜெபத்தை ஒவ்வொரு வரியாக நிறுத்திச் சொல்லுங்கள். முதல் மாதமே இரண்டு மணி நேரம், வாரம் மூன்று உபவாசம் என்று தொடங்குபவர்கள் விரைவில் எல்லாவற்றையும் விட்டுவிடுவதுண்டு.

ரோமர் 12:2 மனம் புதிதாவதைப் பற்றிப் பேசுகிறது. அது படிப்படியாக நடப்பது. கலாத்தியர் 5:22-23இல் ஒன்பது குணங்கள் வரும்: அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம். பவுல் இவற்றை ஆவியின் கனி என்கிறார். கனியை இழுத்து நீட்ட முடியாது. வளர்ச்சியைத் தினம் அளந்து பார்க்காமல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை உங்களோடு வாழ்பவரிடம் கேளுங்கள்: நான் கோபப்படுவது குறைந்திருக்கிறதா? அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும். வீட்டார் வேறு நம்பிக்கையில் இருந்தால், உங்கள் விசுவாசத்தை முதலில் அவர்கள் பார்க்கட்டும், பிறகு கேட்கட்டும்.

பழைய பாவத்தில் விழுவீர்கள். அப்போது இரண்டு குரல்கள் கேட்கும். ஒன்று, கிருபைதான் இருக்கிறதே, பரவாயில்லை என்னும். பவுல் இதை ரோமர் 6:1-2இல் எடுத்துப் பேசி, "கூடாதே" என்று முடிக்கிறார். மற்றது, ஒரு மாதம் ஒழுங்காக இருந்துவிட்டு ஜெபிக்க வா என்னும். இந்தக் குரல் பக்திபோல் ஒலிப்பதால் அதிக ஆபத்தானது. விழுந்த அன்றே, அழுக்கோடே திரும்புங்கள். பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள். எந்த நேரம், எந்த இடம், எந்தத் தனிமை விழச் செய்தது என்று பார்த்து அதை மாற்றுங்கள். குடி, போதை போன்ற அடிமைத்தனம் என்றால் ஜெபத்தோடு சிகிச்சையும் வேண்டும். திடீரெனக் குடியை நிறுத்துவது நெடுநாள் குடித்த உடம்புக்கு ஆபத்து. மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துங்கள்.

வாசிப்பும் ஜெபமும் ஒரு வாரம், ஏன் மூன்று மாதம்கூட விட்டுப்போகலாம். திரும்பி வரும் நாளில், விட்ட அதிகாரங்களையெல்லாம் சேர்த்துப் படித்துக் கணக்கைச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். அன்றைய சங்கீதத்தைத் திறந்து, அங்கிருந்து வாசியுங்கள்.